ராட்சஸ்தால்: ஒரு மலை ஏரிக்குக் கெட்ட பெயர் வந்த கதை

லிபுலேக் கணவாயைக் கடந்து, திபெத்தின் தக்லகோட்டில் தங்கி, அங்கிருந்து வடக்கே கயிலாயத்தை நோக்கிச் செல்பவர்களுக்கு முதலில் கண்ணில் படும் பெரிய நீர்ப்பரப்பு மானசரோவர் அன்று. குர்லா கணவாயைத் தாண்டிச் சாலை சரியத் தொடங்கியதும், இடப்பக்கத்தில் ஆழ்ந்த நீல நிறத்தில் ஓர் ஏரி விரிகிறது. அதன் வடக்குக் கரைக்கு அப்பால், வெண்பனி பூண்ட கூம்பாகக் கயிலாயம் எழுந்து நிற்கிறது. புகைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அந்தப் பயணம் முழுவதிலும் அரிது. இதுதான் மானசரோவர் என்று நினைத்துக் கைகூப்பிவிடுவதும் எளிது. ஆனால் அந்த ஏரியின் பெயர் ராட்சஸ்தால். அரக்கனின் ஏரி. அதில் இறங்கக் கூடாது, அதன் நீரைக் குடிக்கக் கூடாது, கரையில் தங்கக் கூடாது என்று யாத்திரிகர்களுக்குச் சொல்லப்படுகிறது. அதில் மீன் இல்லை, புல் இல்லை, பறவைகூட அண்டாது என்ற பேச்சும் உடன் வருகிறது.

இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சுவையானது. புராணம் சொல்கிறது என்பது வழக்கமான விடை. எந்தப் புராணம், எந்த இடத்தில் என்று தேடத் தொடங்கினால் அந்த விடை மெல்ல நழுவுகிறது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். திபெத்தின் மேற்குக் கோடியில், புராங் வட்டாரத்தில், தெற்கே 7,694 மீட்டர் உயரமுள்ள குர்லா மாந்தாதா சிகரத்துக்கும் வடக்கே கயிலாயத்துக்கும் நடுவிலுள்ள சமவெளியில் இரண்டு ஏரிகள் அருகருகே கிடக்கின்றன. கிழக்கே இருப்பது மானசரோவர். ஏறக்குறைய வட்ட வடிவம், சுமார் 410 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,590 மீட்டர் உயரம். மேற்கே இருப்பது ராட்சஸ்தால். வளைந்து நெளிந்த கரைகளும் சில சிறு தீவுகளும் கொண்டது. பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். உயரத்தில் மானசரோவரைவிடப் பதினைந்து மீட்டர் போலத் தாழ்ந்தது. இரண்டையும் பிரிப்பது ஒரு குறுகிய மேட்டுநிலம். அந்த மேட்டை ஊடறுத்து, கங்கா சூ என்று அழைக்கப்படும் சுமார் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஓடை மானசரோவரிலிருந்து ராட்சஸ்தாலுக்குச் செல்கிறது. மானசரோவரின் மட்டம் உயர்ந்த ஆண்டுகளில் ஓடையில் நீர் ஓடும். மட்டம் தாழ்ந்தால் ஓடை வறண்டு, குட்டைகளும் கூழாங்கற்களுமாகக் கிடக்கும். இந்த ஓடையையும் அந்தப் பதினைந்து மீட்டர் வேறுபாட்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைகளும் அறிவியலும் பெரும்பாலும் இவ்விரண்டையே சுற்றி வருகின்றன.

கதைகளில் நாம் நன்கறிந்தது இராவணனுடையது. சிவனை நோக்கித் தவம் செய்ய வந்த இலங்கை வேந்தன் இந்த ஏரிக்கரையில் அமர்ந்தான். நாள்தோறும் இங்கே நீராடி, தன் பத்துத் தலைகளில் ஒன்றை வேள்வியில் அறுத்து இட்டான். ஒன்பது நாட்கள் கழிந்து பத்தாவது தலையை அறுக்க முனைந்தபோது இறைவன் தோன்றி வரம் தந்தான். அரக்கன் முழுகிய நீர் என்பதால் ஏரிக்கு அவன் தன்மை ஏறிவிட்டது என்று கதையை முடிப்பவர்கள் உண்டு. மானசரோவரில் தேவர்கள் நீராடுவதால் தனக்கென்று வேறொரு நீர்நிலையை இராவணனே உண்டாக்கிக்கொண்டான் என்று சொல்பவர்களும் உண்டு. இராவண ஹிரதம் என்ற வடமொழிப் பெயர் இந்த வழக்கிலிருந்து வந்ததுதான்.

பழைய நூல்களுக்குப் போனால் படம் மாறிவிடுகிறது. வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில், சரயு நதியைக் கடக்கும்போது விசுவாமித்திரர் இராமனுக்கு அதன் பிறப்பைச் சொல்கிறார். கயிலாய மலையில் பிரமன் தன் மனத்தால் படைத்த ஏரி ஒன்று உண்டு, ஆதலால் அது மானசம், அந்தச் சரசிலிருந்து வந்ததால் இது சரயு என்பது அவர் தரும் விளக்கம். உத்தரகாண்டத்தில் இராவணன் கயிலாயத்துக்கு வருகிறான். புஷ்பக விமானம் மேற்செல்லாமல் நின்றுவிடுகிறது, நந்தி தடுக்கிறார், சினம் கொண்ட அரக்கன் மலையைப் பெயர்க்கிறான், சிவன் கால்விரலால் அழுத்துகிறார், நசுங்கிய கைகளோடு அவன் நெடுங்காலம் அலறித் துதிக்கிறான், இறுதியில் சந்திரகாசம் என்னும் வாளைப் பெறுகிறான். இந்த இரண்டு இடங்களிலும் மானசரோவருக்குப் பக்கத்தில் ஓர் அரக்க ஏரி இருப்பதாகப் பேச்சே இல்லை. காளிதாசனின் மேகதூதமும் அப்படித்தான். பத்துத்தலையானின் தோள்களால் மூட்டுகள் நெகிழ்ந்த கயிலாயத்தைப் பற்றிப் பாடும் கவிஞர், பொற்றாமரை பூக்கும் மானசத்தின் நீரைப் பருகிச் செல் என்று மேகத்துக்கு வழி சொல்கிறார். மலையும் இருக்கிறது, இராவணனும் இருக்கிறான், மானசமும் இருக்கிறது. மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டிவைத்த கவிஞரின் கண்ணுக்கு, நேரில் செல்பவர்களின் பார்வையிலிருந்து தப்பவே முடியாத அந்த இரண்டாவது ஏரி தென்படவில்லை. தொலைவிலிருந்து பாடியவர்களுக்கு மானசம் ஒன்றே போதுமானதாக இருந்தது. இரண்டாவது ஏரிக்குக் கதை தேவைப்பட்டது அங்கே நடந்து சென்றவர்களுக்குத்தான். குமாவூன் மலைகளிலிருந்து சென்ற வணிகர்களும் துறவிகளும் மேய்ப்பர்களும் தங்கள் கண்முன் கிடந்த, ஒன்று இனித்து மற்றொன்று கரித்த இரட்டை நீர்ப்பரப்புக்கு ஒரு காரணம் தேடியிருக்க வேண்டும். கயிலாயத்தோடு ஏற்கெனவே பிணைந்திருந்த அரக்கன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். இது என் ஊகமே. ஆனால் கதையின் வடிவம் அதைத்தான் சொல்கிறது என்று படுகிறது.

அரக்கன் முழுகினான், ஆதலால் நீர் தீயது என்ற காரணகாரியம் சைவ மரபின் உள்ளிருந்து பார்த்தால் நிற்பதில்லை. தமிழ் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இராவணன் கயிலையை எடுத்ததற்கும் அடர்க்கப்பட்டதற்கும் அருள் பெற்றதற்கும் ஒதுக்குவதை ஏறக்குறைய மாறாத வழக்கமாகவே வைத்திருந்தார். செருக்கு அடங்கிய பிறகு பாடிப் பரவி நாளும் வாளும் பெற்ற அடியவனாகவே அவன் அங்கே மீண்டும் மீண்டும் வருகிறான். திருநீற்றுப் பதிகத்தில் "இராவணன் மேலது நீறு" என்று அவன் உடம்பில் கிடந்த சாம்பலே நீற்றின் பெருமைக்குச் சான்றாகிவிடுகிறது. அந்த மேனி முழுகியதால் ஒரு நீர்நிலை தீட்டுப்பட்டது என்று சம்பந்தர் வழியில் வந்த ஒருவர் சொல்வது கடினம்.

இராவணன் உண்டாக்கிய நீர் என்று சொல்லப்படும் மற்ற இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாயின் இறுதிக் கடனுக்கு நீர் வேண்டி இராவணன் வாளால் நிலத்தில் குத்திய இடங்கள் அவை என்பது அங்குள்ள தமிழரின் நம்பிக்கை. அந்தக் கதையின் காரணமாகவே இறந்தோருக்கான சடங்குகளை அங்கே செய்வது நெடுநாளைய வழக்கம். ஜார்க்கண்டின் தேவ்கர் வைத்தியநாதர் கோயிலுக்கு அருகிலுள்ள சிவகங்கைக் குளத்தையும் கயிலாயத்திலிருந்து இலிங்கத்தைச் சுமந்து வந்த இராவணன் நிலத்தைக் குத்தி வரவழைத்ததாகச் சொல்கிறார்கள். பக்தர்கள் அதில் முழுகி எழுந்துதான் தரிசனத்துக்குப் போகிறார்கள். அதே அரக்கன், அதே நீர்ச்செயல். கன்னியாவிலும் தேவ்கரிலும் தூய்மை தரும் இராவணன் கயிலாயத்தின் அடிவாரத்தில் மட்டும் ஏன் நஞ்சூட்டுகிறான்? முதலிரண்டு இடங்களில் அந்த நீருக்குப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மானசரோவர் இல்லை என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

பௌத்தத்துக்கு வருவோம். இங்கே விஷயம் இன்னும் செறிவானது.

பௌத்த உலகநூல் மரபில் அனவதப்தம் என்றொரு ஏரி உண்டு. பாலியில் அதை அனோதத்தம் என்பார்கள். வெப்பம் தீண்டாதது என்று பொருள். இமயத்துக்கு வடக்கே, கந்தமாதன மலைக்கு இப்பால், உலகின் நடுவில் அது கிடக்கிறது. அதன் பெயரையே கொண்ட நாகவேந்தன் ஒருவன் அதில் வாழ்கிறான். நான்கு விலங்குகளின் வாய்கள் வழியே நான்கு பெரு நதிகள் அதிலிருந்து நாற்றிசைக்கும் இறங்குகின்றன. புத்தரைக் கருக்கொண்ட இரவில் மாயாதேவி கண்ட கனவில், தேவர்கள் அவரைத் தூக்கிச் சென்று நீராட்டியது இந்த ஏரியில்தான். பிற்காலத்தில் இந்தக் கற்பனை ஏரியைத் திபெத்தியர் மானசரோவரோடு இணைத்தார்கள். வடக்கே சிங்கத்தின் வாயிலிருந்து சிந்து, கிழக்கே குதிரையின் வாயிலிருந்து பிரம்மபுத்திரா, தெற்கே மயிலின் வாயிலிருந்து கர்ணாலி, மேற்கே யானையின் வாயிலிருந்து சட்லெஜ் என்று நான்கு நதிகளும் கணக்கில் வந்துவிட்டன. உண்மையில் இந்த நான்கும் அந்த வட்டாரத்திலேயே பிறக்கின்றன என்பது வியப்புக்குரியது. ஆனால் மானசரோவரிலிருந்து நேராக ஒன்றும் புறப்படுவதில்லை.

கவனிக்க வேண்டிய செய்தி, அனவதப்தத்துக்கு இரட்டைப் பிறவி கிடையாது என்பதே. உலக நடுவில் இருப்பது ஒரே ஏரி. நூலில் ஒன்றும் நிலத்தில் இரண்டும் இருக்கும்போது, எஞ்சிய ஒன்றை என்ன செய்வது என்ற இக்கட்டு திபெத்தியருக்கும் வந்தது. அவர்கள் தந்த விடைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவை ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போவதும் இல்லை.

வடிவத்தை வைத்துச் சொல்லும் விடை ஒன்று. மானசரோவர் வட்டமானது, ஆகவே சூரியன். ராட்சஸ்தால் வளைந்தது, ஆகவே பிறை. ஒன்று ஒளியின் ஏரி, மற்றது இருளின் ஏரி. பயணக் குறிப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். ஆனால் திபெத்தியத் தூபிகளின் உச்சியைப் பார்த்த எவருக்கும் இதில் ஒரு முரண் தெரியும். அங்கே பிறையும் அதன்மேல் சூரியனும் சேர்ந்தே வைக்கப்பட்டிருக்கும். பிறை இல்லாமல் தூபி நிறைவதில்லை. தந்திர மரபிலும் சூரிய நாடி, சந்திர நாடி என்ற இரண்டும் ஓர் உடம்பின் இரு வழிகளே. ஒன்று தேவனுடையது, மற்றது அரக்கனுடையது என்று அங்கே யாரும் பிரிப்பதில்லை. சூரியன், சந்திரன் என்ற இணை ஒளி, இருள் என்ற பகையாகச் சுருங்கியது பிற்காலப் பேச்சின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

பெயரை வைத்துச் சொல்லும் விடை இன்னொன்று. ஏரியின் திபெத்தியப் பெயர் லங்காக் ட்சோ, லாநாக் ட்சோ என்று பலவாறு எழுதப்படுகிறது. திபெத்திய மொழியில் ட்சோ என்றால் ஏரி, நாக் என்றால் கறுப்பு. இதைப் பிடித்துக்கொண்டு 'கறுத்த நஞ்சின் ஏரி' என்று பெயர்த்துச் சொல்வது வழிகாட்டி நூல்களில் பழகிவிட்டது. மானசரோவரின் திபெத்தியப் பெயரோ மாபம் யும்ட்சோ, அதாவது வெல்லப்படாத தாய் ஏரி. அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கவியோகி மிலரேபாவுக்கும், பழைய போன் சமயத்தைச் சேர்ந்த மந்திரவாதி நரோ போன்சுங்குக்கும் கயிலாயம் யாருக்கு உரியது என்று போட்டி நடந்தது. விடியலில் முரசின்மேல் ஏறிப் பறந்து சிகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த நரோவை, கதிரவனின் முதல் கதிரோடு சென்ற மிலரேபா ஒரு கணத்தில் முந்திவிட்டார். தோல்வி காணாதது என்ற பெயர் ஏரிக்கு அந்த வெற்றியின் நினைவாக அமைந்ததாம். வெற்றி ஒரு பக்கம் இருந்தால் தோல்வி எங்கோ இருந்தாக வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் திபெத்திய பௌத்தம் தோற்ற சக்திகளை என்ன செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அது அவற்றை அழிப்பதில்லை. பௌத்த குருவான பத்மசம்பவர் எட்டாம் நூற்றாண்டில் திபெத்துக்கு வந்தபோது எதிர்த்த மலைத்தேவதைகளையும் பேய்களையும் அடக்கி, தருமத்தைக் காப்போம் என்று சூளுரைக்க வைத்தார் என்பது மரபு. அதற்கும் முந்தைய காலத்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் பொருத்தமானது. திபெத் நாடே மல்லாந்து கிடக்கும் ஓர் அரக்கியின் உடல். அவள் அசையாதிருக்க மன்னன் சோங்ட்சென் கம்போ அவளது தோள்கள், இடுப்பு, கைகால் மூட்டுகள்மேல் கோயில்களை எழுப்பி ஆணியடித்தான். அவளுடைய இதயத்துக்கு நேராக ஓர் ஏரி இருந்தது, அது அவளது இதயக் குருதி. ஆடுகளின் முதுகில் மண் சுமந்து அந்த ஏரியைத் தூர்த்து, அதன்மேல் கட்டியதுதான் லாசாவின் ஜோகாங் கோயில். திபெத்தின் மிகப் புனிதமான கோயில் அரக்கியின் ஏரிமேல் நிற்கிறது! அரக்கத்தனம் என்பது அடித்தளமாக இருக்கலாம், மூலப்பொருளாகவும் இருக்கலாம், ஆனால் முற்றாக விலக்கப்பட வேண்டிய அசுத்தமாக அது அங்கே கருதப்படவில்லை.

ராட்சஸ்தாலுக்கும் அப்படியொரு மீட்புக் கதை உள்ளூரில் இருக்கிறது. 1930களிலும் 40களிலும் அந்த ஏரிகளின் கரையில் ஆண்டுக்கணக்கில் தங்கி, குளிர்காலங்களையும் அங்கேயே கழித்து, இரண்டையும் அளந்து எழுதிய சுவாமி பிரணவானந்தர் அதைப் பதிவு செய்திருக்கிறார். முன்னொரு காலத்தில் இந்த ஏரி அரக்கர்களின் இருப்பிடமாக இருந்தது, யாரும் அதன் நீரைக் குடித்ததில்லை. மானசரோவரில் வாழ்ந்த இரண்டு பொன்மீன்கள் தமக்குள் சண்டையிட்டன. ஒன்று தப்பி ஓட, மற்றது மேட்டுநிலத்தைக் கிழித்துக்கொண்டு அதைத் துரத்தியது. மீன்கள் சென்ற தடமே கங்கா சூ ஆயிற்று. அந்தத் தடத்தின் வழியே மானசரோவரின் நீர் பாய்ந்ததும் ராட்சஸ்தால் தூய்மையடைந்தது. அன்றிலிருந்து மக்கள் அதன் நீரைக் குடிக்கத் தொடங்கினார்கள்.

கடைசி வரியைத் திரும்பவும் படிக்க வேண்டும். ஏரியின் கரையில் வாழ்ந்தவர்கள் சொன்ன கதையில் நஞ்சு என்பது முடிந்துபோன செய்தி. இன்று யாத்திரிகர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கையில் கதையின் முதற்பாதி மட்டும் இருக்கிறது, மீன்களைக் காணோம். ஓடையில் நீர் ஓடும் ஆண்டு நல்ல ஆண்டு, அது வறண்டால் தீய அறிகுறி என்ற நம்பிக்கையும் அந்த வட்டாரத்தில் உண்டு. அதாவது அச்சம் ராட்சஸ்தாலைப் பற்றியதாக இருக்கவில்லை, இரண்டு ஏரிகளுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோவதைப் பற்றியதாக இருந்தது.

இராவணனைப் பற்றிய பௌத்தப் பார்வையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மகாயான நூல்களில் ஒன்றான இலங்காவதார சூத்திரம் இராவணனோடுதான் தொடங்குகிறது. கடலுக்கடியில் நாகவேந்தனுக்கு அறமுரைத்துவிட்டு வரும் புத்தரை, மலய மலைமேலுள்ள இலங்கைக்கு அழைத்து உபதேசம் கேட்பவன் அவனே. திபெத்திய மொழியிலும் உள்ள நூல் இது. இராவணன் பெயரைக் கேட்டால் அருவருக்க வேண்டிய கட்டாயம் பௌத்தனுக்கும் இல்லை.

இனி நீரின் பக்கம். ராட்சஸ்தால் கரிக்கிறது, மானசரோவர் இனிக்கிறது என்பதில் கதைக்கு வெளியே ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. மானசரோவருக்குப் பனியாறுகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் நீர் வருகிறது, மிகும்போது கங்கா சூ வழியாகவும் மண்ணடியிலும் வெளியேறுகிறது. வெளியேறும் நீரோடு அதில் கரைந்துள்ள உப்புகளும் போய்விடுகின்றன. அவை போய்ச் சேருவது தாழ்வாகக் கிடக்கும் ராட்சஸ்தாலில். அங்கிருந்து மேற்பரப்பில் இப்போது வழக்கமான வெளிப்போக்கு இல்லை. வறண்ட காற்றும் உயர்நில வெயிலும் நீரை ஆவியாக்குகின்றன, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ஆண்டாண்டாக இது நடந்தால் நீர் உவர்க்கும். இரண்டு ஏரிகளும் பழங்காலத்தில் ஒரே பெரு நீர்ப்பரப்பாக இருந்தன என்பதே நிலவியலாளர் கருத்து. இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே படிக்கட்டுகள் போல் தெரியும் பழைய கரைக்கோடுகள் ஏரிகள் சுருங்கி வந்ததைக் காட்டுகின்றன. ஒன்றாக இருந்தது இரண்டானது, மேலே இருந்தது தன் உப்பைக் கீழே தள்ளியது. இதில் அரக்கனுக்கு வேலையில்லை. ஆனால் பக்கத்து ஏரியின் கரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, அதற்காகவே பழியும் ஏற்ற ஏரி என்று பார்த்தால், கதை சொன்னவர்கள் கவனித்த உண்மை அவ்வளவு தவறானதாகவும் இல்லை.

இந்த ஓடை ஐரோப்பியப் பயணிகளிடையே நெடுங்காலச் சச்சரவையும் கிளப்பியது. 1812இல் கோசாயித் துறவிகள் போல வேடமிட்டுச் சென்ற வில்லியம் மூர்கிராஃப்ட் மானசரோவரின் மேற்குக் கரையில் நடந்து பார்த்து, அதற்கு வெளிப்போக்கு எதுவும் இல்லை என்று எழுதினார். 1846இல் அங்கு சென்ற ஹென்றி ஸ்ட்ரேச்சி ஓடையில் நீர் ஓடுவதைக் கண்டார். 1907இல் ஸ்வென் ஹெடின் போனபோது மீண்டும் தேக்கம். ஒருவர் சொன்னது பொய்யென்று மற்றவரை ஆதரித்தோர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஹெடின் அளவெடுத்த பிறகே, ஏரியின் மட்டம் ஏறி இறங்குவதால் இருவர் கண்டதும் மெய்யாக இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. நீர் ஓடும் ஆண்டு, ஓடாத ஆண்டு என்று மேய்ப்பர்கள் முன்பே கணக்கு வைத்திருந்ததைப் புவியியல் அறிஞர்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து ஏற்றுக்கொண்டார்கள்.

அதே ஹெடினின் அனுபவம் ஒன்று, அமைதியான மானசரோவர், சீறும் ராட்சஸ்தால் என்ற எதிர்நிலையையும் கலைக்கிறது. மடக்கக்கூடிய படகில் மானசரோவரைக் கடந்து ஆழம் பார்க்க அவர் முனைந்தபோது, ஏரியின் தேவதை படகை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று உள்ளூரார் தடுத்தார்கள். அவர் புறப்பட்டார். 80 மீட்டருக்கும் மேலான ஆழத்தை அளக்கவும் செய்தார். ஆனால் நடுவில் எழுந்த புயலில் உயிர் தப்பியது அரும்பாடு. அவரைக் கொல்லப் பார்த்தது புனித ஏரி. குர்லா மாந்தாதாவின் பனிச்சரிவிலிருந்து இறங்கும் காற்று இரண்டு ஏரிகளிலும் அலை எழுப்புகிறது. மானசரோவரில் எழுந்தால் அது தேவதையின் சினம், ராட்சஸ்தாலில் எழுந்தால் அரக்கனின் இயல்பு என்று பெயர் மாறுகிறது, அவ்வளவே.

பறவை அண்டாது என்ற பேச்சும் கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியத்தோடு ஒட்டவில்லை. ராட்சஸ்தாலின் தீவுகளுக்குச் சென்ற பிரணவானந்தர் அங்கே காட்டு வாத்துகள் பெருங்கூட்டமாக முட்டையிடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். நரியும் ஓநாயும் எட்டாத தீவு பறவைக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள் தள்ளி வைத்த கரை என்பதும் அவற்றுக்குச் சாதகமாக இருந்திருக்கலாம். மானசரோவரைச் சுற்றி எட்டு மடாலயங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்றான சியூ மடாலயம், கங்கா சூ புறப்படும் இடத்துக்கு மேலே குன்றில் ஒட்டிக்கொண்டு, இரு ஏரிகளுக்கும் நடுவில் காவல் இருப்பது போல நிற்கிறது. ராட்சஸ்தாலுக்கு அப்படியொரு மடாலய வளையம் அமையவில்லை. வலம் வருவோர் கூட்டமும் இல்லை, சுடச்சுடத் தேநீர் விற்கும் கூடாரமும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அச்சம் தரும் இடமாகத் தோன்றுவது இயல்பு. அச்சம் தரும் இடத்துக்கு ஆள் போகாமலிருப்பதும் இயல்பு. இவற்றில் எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

மீதமிருப்பது சட்லெஜ். நான்கு நதிகளில் இரட்டை ஏரிகளோடு நிலவியல் தொடர்பு உடையது அது ஒன்றே. ராட்சஸ்தாலின் வடமேற்கு மூலையிலிருந்து ஒரு பழைய ஆற்றுப்படுகை புறப்படுகிறது. அது பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. ஆனால் சற்றுத் தொலைவில், துல்சு மடாலயத்துக்கு அருகே, ஊற்றுகள் கிளம்பி ஆறாகின்றன. அதையே யானை வாய் என்று திபெத்தியர் வணங்குகிறார்கள். ஏரியின் நீர் மண்ணுக்கடியில் சென்று அங்கே வெளிப்படுகிறது என்பது உள்ளூர் நம்பிக்கை. ஏரிகள் நிறைந்திருந்த காலத்தில் அந்தப் படுகை வழியாகவே நீர் வெளியேறியிருக்க வேண்டும் என்பதைக் கரைக்கோடுகள் காட்டுகின்றன. பிரமன் மனத்தால் படைத்த ஏரியின் நீர், பஞ்சாபின் வயல்களுக்கு இறங்க ஒரு காலத்தில் வழி வைத்திருந்தது என்றால், அந்த வழி அரக்கனின் ஏரிக்குள் நுழைந்துதான் சென்றது.